பாதி காப்பி, பாதி பீர், முழு அபிப்பிராயம்

ஓசூரில் காப்பி கலந்த பீரைக் குடித்தவர்கள் குறைவு. அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர்கள் அதைவிடக் குறைவு.

மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். லேத் ஆபரேட்டர், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், அப்ரெண்டிஸ் பையன், செக்யூரிட்டி தாத்தா என்று ஆளுக்கொரு கருத்து வைத்திருப்பார்கள். "காப்பியில போதை ஏத்துறானுங்களாம் சார்" என்பார் ஒருவர். "இல்லண்ணே, பீர்ல போதையை எறக்குறானுங்க" என்பார் இன்னொருவர். இருவரும் அந்தச் சரக்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத பொருளைப் பற்றிப் பேசும்போது மனிதனுக்கு வருகிற தெளிவு, பார்த்த பொருளைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். காப்பி பீர் பிறக்கிற இடம் பெங்களூரு. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். நடுவில் இருப்பது அத்திப்பள்ளி, அதற்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடி. சிக்கமகளூரு காப்பிக்கொட்டையை மூட்டை மூட்டையாக இந்த வழியே கொண்டுவரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வெளிமாநில மதுவை உரிமம் இல்லாமல் கொண்டுவந்தால் வழக்கு. இரண்டையும் ஒரே கிளாஸில் கலந்து கொண்டுவந்தால் பாதி கிளாஸை உள்ளே விட்டுப் பாதியைப் பறிமுதல் செய்வார்களா என்று எங்கள் டூல் ரூம் அண்ணன் ஒருமுறை கேட்டார். வரிக்கணக்கிலும் இதே தகராறுதான். காப்பிக்கு ஜிஎஸ்டி உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கிற மதுவுக்கு அது பொருந்தவில்லை. மாநில அரசின் தீர்வையும் வரியும்தான். ஆகவே எல்லை தாண்டி ஓசூருக்குள் தடையில்லாமல் வந்து சேர்வது பீர் அல்ல, பீரைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமே.

பறிமுதல் செய்கிற சட்டத்தின் பெயரைக் கேட்டால் இன்னும் சுவையாக இருக்கும். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. அதைக் கொண்டுவந்த ராஜாஜி, ஓசூருக்குப் பக்கத்திலிருக்கும் தொரப்பள்ளிக்காரர். 1937 அக்டோபர் 1ஆம் தேதி அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. ஆக மாகாணத்திலேயே முதன்முதலில் தொண்டை வறண்டவர்களில் நாங்களும் உண்டு. மதுவால் வந்துகொண்டிருந்த வருமானம் போனதும், ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியை அறிமுகப்படுத்தினார். அந்த வரியும் பல அவதாரம் எடுத்து இன்றுவரை நம்மோடு இருக்கிறது. மதுவும் திரும்பி வந்துவிட்டது. இன்று டாஸ்மாக் கடை நடப்பதும் அதே மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில்தான். துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. ஒரே பெயர்ப்பலகையில் விலக்கும் உண்டு, தீர்வையும் உண்டு. இதைவிடத் துணிச்சலான கலவையை எந்தப் பெங்களூரு பப்பும் செய்துவிட முடியாது.

இந்தச் சேலம் மாவட்டத்துக்குக் காப்பியிலும் பங்கு உண்டு. 1820களில் காக்பர்ன் என்ற கலெக்டர் ஏற்காட்டில் காப்பி பயிரிட வைத்தார். ஒரு கலெக்டர் காப்பியைக் கொடுத்தார், ஒரு பிரதமர் கள்ளை எடுத்தார் (அப்போதெல்லாம் மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்). ஆகவே காப்பியும் மதுவும் ஒரு கிளாஸில் சேர்வதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எங்களுக்கு இருக்கும் உரிமை வேறு எந்த ஊருக்கும் இல்லை.

என் அபிப்பிராயம் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானது. குடித்துவிட்டுச் சொல்வது. எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் பார்க்கிற என் மச்சினன்தான் அதற்குப் பொறுப்பு. "மாமா, நீங்க டாஸ்மாக் பீரை வெச்சே பீருன்னா இதுதான்னு நெனச்சிட்டிருக்கீங்க. ஒரு தடவை வாங்க" என்று வெகுநாளாக அழைத்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. எங்கள் பக்கம் பீர் வாங்குகிறவர் கவுன்டரில் கேட்கிற ஒரே கேள்வி, "கூலிங் இருக்கா?" ருசி என்ன, மணம் என்ன, என்ன தானியம் என்று கேட்டால் பின்னால் நிற்கிறவர்கள் அடிப்பார்கள்.

பெங்களூரில் கேள்வியே வேறு. 2010இல் இந்திராநகரில் டாயிட் என்ற பப் திறந்தது. அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக, கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற பப்புகள் முளைத்தன. பாஸ்மதி அரிசி போட்ட பீர்கூட டாயிட்டில் உண்டு. அரிசியைப் பீரில் போட்டவர்கள் காப்பியை மட்டும் விட்டுவைப்பார்களா? இந்தியக் காப்பியில் சுமார் எழுபது சதவீதம் கர்நாடகத்தில்தான் விளைகிறது, காப்பி வாரியத்தின் தலைமையகமே பெங்களூரில் இருக்கிறது.

காரை எடுக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பது ஒன்று. சில்க் போர்டு சிக்னலில் குடிக்காமல் நிற்க முடியாது என்பது இன்னொன்று. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால் பொம்மசந்திராவுக்கு பஸ், அங்கிருந்து மெட்ரோ. மேலே ரயிலில் உட்கார்ந்து கீழே நிற்கிற வண்டிகளைப் பார்க்கிற சுகத்துக்கே தனியாக டிக்கெட் போடலாம்.

பப்பின் பெயர் வேண்டாம். மெனு கார்டு எங்கள் கம்பெனி ஐஎஸ்ஓ மேனுவலைவிடத் தடிமன். ஒவ்வொரு பீருக்கும் சதவீதம் ஒன்று, கசப்பு அளவு ஒன்று, குணாதிசயம் ஒரு பத்தி. வரன் பார்க்க வந்த ஜாதகத்தில்கூட இவ்வளவு விவரம் இருக்காது. மச்சினன் காட்டிய வரியில் காப்பி ஐபிஏ என்று இருந்தது. "ஒரு கிளாஸ் எவ்வளவு மாப்ள?" என்றேன். சொன்னான். அந்தக் காசுக்கு என் மாமனார் ஒரு மாதக் காப்பிப்பொடி அரைத்து வாங்கி, மீதியில் சர்க்கரையும் வாங்கிவிடுவார்.

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்லியாக வேண்டும். காப்பியைப் பீரில் சேர்ப்பது புதிதல்ல. ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் வெகுகாலமாகச் சேர்க்கிறார்கள். வறுத்த பார்லியிலேயே காப்பி வாசனை உண்டு; அதில் காப்பி சேர்ப்பது மாமன் மகளைக் கட்டுகிற மாதிரி, வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிற காரியம். ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், அப்படியல்ல. அது இளம் நிறத்து ஏல், ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவை அள்ளி அள்ளிப் போட்டது. அமெரிக்காவில் ஸ்டோன், டென்மார்க்கில் மிக்கெலர் போன்ற ப்ரூவரிகள்தான் இந்த வகையில் காப்பியைப் போட்டுப் பார்த்த துணிச்சல்காரர்கள்.

ஹாப்ஸைக் கொதிக்கிற மால்ட் சாறில் போட்டால் அதிலிருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. கொதி அடங்கிய பிறகு போட்டால் கசப்பு அவ்வளவாக ஏறாது, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், பைன் மர வாசனை மட்டும் தங்கும். கசப்பை அளக்க ஐபியூ என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சாதாரண லாகருக்குப் பத்து, இருபது. ஐபிஏவுக்கு நாற்பதிலிருந்து எழுபது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் ஹாட்ஜ்சனும் பிறகு பர்ட்டன் ஊர் ஆல்சொப்பும் கல்கத்தா, பம்பாய், சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் கப்பலில் அனுப்பிய பீர் இதன் மூதாதை. ஹாப்ஸ் கூடுதலாக இருந்தால் பீர் சீக்கிரம் கெடாது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. கெடாமல் இருக்கப் போட்ட கசப்பை, இப்போது குளிர்பதன வசதி எல்லாம் வந்த பிறகும், காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறார்கள். நம் ஊறுகாய் உப்பின் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதால் இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை.

கிளாஸ் வந்தது. பார்க்கத் தேன் நிறம். மூக்கருகில் கொண்டுபோனதும் அசந்துபோனேன். முதல் மூச்சில் சாத்துக்குடித் தோல்; இரண்டாவது மூச்சில் காலை ஐந்தரை மணி அடுக்களை, ஃபில்டரில் முதல் டிகாக்‌ஷன் சொட்டுகிற வாசனை. கண்ணை மூடினால் சட்டினிக்குத் தாளிக்கிற சத்தமே கேட்டிருக்கும். பிறகு குடித்தேன்.

நான் பதினெட்டு மைக்ரான் டாலரன்ஸுக்குள் பொருளை ஏற்பதும் தள்ளுவதுமாகப் பிழைப்பு நடத்துகிறவன். சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி. எதைக் கையில் கொடுத்தாலும் குறையை எழுதித்தான் பழக்கம். "நல்லா இருக்கு" என்று எழுதுவதற்கு எங்கள் ரிப்போர்ட்டில் கட்டமே கிடையாது. ஆகவே இந்தக் கிளாஸுக்கும் மனத்துக்குள் ஃபைவ் ஒய் போட்டேன், அதாவது ஐந்து முறை "ஏன்" கேட்பது.

ஏன் முகம் சுளித்தது? கசந்தது. ஏன் கசந்தது? ஹாப்ஸும் கசக்கிறது, காப்பியும் கசக்கிறது. ஏன் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன? ஹாப்ஸ் கசப்பு நாக்கின் ஓரமாக ஓடி மறைகிறது, கருக வறுத்த காப்பியின் கசப்பு தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏன் அவ்வளவு வறுத்தார்கள்? பழக்க தோஷம். ஏன் பழக்கம்? நான்காவது ஏனுக்கு மேல் பதில் வந்தால் எங்கள் கம்பெனியிலும் அதிசயம்தான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நடுவில் இன்னொரு வாசனை தலைகாட்டியது. பச்சைக் குடைமிளகாய். மச்சினன் நம்பவில்லை. ஆனால் இது என் கற்பனை அல்ல. காப்பி பீர் செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வியாதிதான். குடைமிளகாய்க்கு அந்த வாசனையைத் தருகிற பைரசின் வகைச் சேர்மங்கள் காப்பிக்கொட்டையிலும் உண்டு. கொட்டை பழசாகிவிட்டாலோ, வறுவல் சரியில்லை என்றாலோ, பீரில் அதிக நேரம் ஊறிவிட்டாலோ தலைதூக்கிவிடும். ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்களில் ரோஜாவுக்குப் பக்கத்திலேயே குடைமிளகாய் வளர்க்கிறோம். அந்த வாசனையை நாங்கள் தூக்கத்திலும் கண்டுபிடிப்போம். பில்லில் அதற்குத் தனியாகப் போடாததுதான் பப்காரர்களின் பெருந்தன்மை.

கசப்பு நமக்குப் புதிதில்லை. பாகற்காய், சுண்டை வற்றல், அகத்திக்கீரை, வேப்பம்பூ ரசம் என்று வாழ்நாளெல்லாம் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நாம் கசப்பைத் தனியாக விட்டதே இல்லை. புளியோ, வெல்லமோ, நெய்யோ, குறைந்தபட்சம் "உடம்புக்கு நல்லது" என்கிற அம்மாவின் குரலோ துணைக்கு நிற்கும். யுகாதியன்று எங்கள் தெருவில் தெலுங்குக்காரர், கன்னடக்காரர் எந்த வீட்டுக்குப் போனாலும் வேப்பம்பூவும் வெல்லமும் சேர்த்துத்தான் கையில் வைப்பார்கள். அந்தப் பப்பில் வேப்பம்பூ மட்டும் வைத்தார்கள், வெல்லத்தை மறந்துவிட்டார்கள்.

"மாமா, இது அக்வயர்டு டேஸ்ட்" என்றான் மச்சினன். எதைக் காசு கொடுத்து வாங்கிப் பிடிக்கவில்லையோ அதற்கெல்லாம் இந்தத் தலைமுறை இந்தச் சான்றிதழைக் கொடுத்துவிடுகிறது. பக்கத்து மேசையில் இரண்டு பேர், ஒருவரையொருவர் "மச்சா" என்று அழைத்துக்கொண்டு, அதே பீரைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வாதம் செய்தார்கள். காப்பி முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது விவாதம். கிளாஸ் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஸ்ட்ராங் லாகரைக் குடித்தால் போதை வரும். காப்பி ஐபிஏவைக் குடித்தால் கருத்து வரும். அது குடிப்பதற்காகக் காய்ச்சப்படுவதில்லை, பேசுவதற்காகக் காய்ச்சப்படுகிறது.

வீடு திரும்பியதும் மாமனாரிடம் சொன்னேன். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர். பீபெரியும் பிளான்டேஷன் ஏவும் இன்ன அளவு, சிக்கரி இருபதுக்கு மேல் போனால் கடையை மாற்று என்கிற கொள்கைக்காரர். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். "மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும். அதுல பால் ஊத்துவாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அது காப்பியே இல்லை. நீங்க குடிச்சது பீருதான். மனசைக் குழப்பிக்காதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் கும்பிடுகிற காப்பியே ஒரு காலத்தில் நம் ஊரில் கெட்ட பழக்கமாக இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரிகைகள் நீராகாரத்தை விரட்டிவிட்டு வீட்டுக்குள் புகுந்த காப்பியைத் திட்டித் தீர்த்திருக்கின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. அப்புறம் சிக்கரி வந்தது. அதைக் கலப்படம் என்றார்கள். இப்போது சிக்கரி இல்லாத காப்பியை நீட்டினால், "என்ன, தண்ணியா இருக்கு?" என்கிறார்கள். நேற்றைய கலப்படம் இன்றைய பாரம்பரியம். இந்தக் கணக்குப்படி என் பேரன் காலத்தில் கல்யாண வீட்டு வாசலில் பன்னீருக்குப் பதிலாகக் காப்பி ஐபிஏ வைத்தாலும் ஆச்சரியமில்லை. பாட்டிமார்கள், "அந்தக் காலத்து ஹாப்ஸ் மணம் இப்ப எங்க?" என்று அங்கலாய்ப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கேலி வேண்டாம். காப்பி சேர்ந்திருப்பதால் போதை தெளியும் என்று டீக்கடையில் சொல்வது தவறு. கஃபீன் தூக்கத்தைத்தான் விரட்டும், ரத்தத்திலிருக்கும் மதுவை விரட்டாது. அமெரிக்காவில் 2010 நவம்பரில் மதுவில் கஃபீனைச் சேர்த்து விற்ற நான்கு கம்பெனிகளுக்கு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. போதையில் தூங்குகிறவனால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. போதையில் சுறுசுறுப்பாக இருக்கிறவன் கையில் பைக் சாவியும் இருந்தால் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை தாங்காது. பீரில் போடுகிற காப்பியில் கஃபீன் கொஞ்சம்தான். ஆனால் "காப்பிதானே" என்கிற தைரியம் நிறையவே இருக்கிறது.

இப்போது என் தீர்ப்பு. எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: முழுக்க ஏற்கவும் முடியாமல், முழுக்கத் தள்ளவும் மனம் வராமல் இருந்தால் 'டீவியேஷன்' போட்டு நிபந்தனையோடு ஏற்கலாம். காப்பி ஐபிஏவுக்கு அதைத்தான் போடுகிறேன். நிபந்தனை ஒன்று: கசப்பை ஹாப்ஸிடம் விட்டுவிட வேண்டும், காப்பி மணத்துக்கு மட்டும் வர வேண்டும். இளம் வறுவலில் பழவாசனை தூக்கலாக உள்ள கொட்டையைப் பார்த்து எடுத்து, பீர் நுரைத்து அடங்கிய பிறகு, குளிரிலேயே ஒருநாள் ஊறப்போட்டு எடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. எலுமிச்சை மணமுள்ள ஹாப்ஸும் அந்தக் காப்பியும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம்தான். நிபந்தனை இரண்டு: வழக்கமான சவுத் இண்டியன் டிகாக்‌ஷனைக் கொண்டுபோய் அதில் கொட்டக் கூடாது. அதற்குப் பால் இருக்கிறது, டவரா இருக்கிறது, என் மாமனார் இருக்கிறார்.

இந்தத் தீர்ப்பை மறுநாள் டீக்கடையில் விளக்கமாகச் சொன்னேன். அதுதான் வினை. முதல் ஷிஃப்டில் நான் சொன்னது "குளிரில் காப்பியை ஊறப்போட வேண்டும்." ஜெனரல் ஷிஃப்டுக்குப் போகும்போது அது "கூலிங் பீர்ல காப்பியைப் போடணும்" ஆனது. செகண்ட் ஷிஃப்ட் முடிவதற்குள் எங்கள் அப்ரெண்டிஸ் பையன் ரூமில் ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டிலைத் திறந்து, ஐந்து ரூபாய் இன்ஸ்டன்ட் காப்பித்தூள் பாக்கெட்டை அப்படியே கவிழ்த்திருக்கிறான். வாயு நிறைந்த திரவத்தில் தூளைக் கொட்டினால் ஒவ்வொரு துகளையும் பிடித்துக்கொண்டு குமிழி கிளம்பும். பாட்டில் பொங்கி, கட்டில் நனைந்து, ரூம்மேட்டின் இன்டர்வியூ சட்டை நனைந்து, கொசுவலை வரைக்கும் காப்பி நிறம். பாட்டிலில் மிஞ்சியதைக் குடித்தும் பார்த்திருக்கிறான் என்பதுதான் அவனுடைய பொறியியல் ஆர்வம்.

இன்று எங்கள் லைனில் காப்பி பீர் விஷயத்தில் யார் பேச்சுக்கு மதிப்பு என்கிறீர்கள்? பெங்களூரு வரை போய்க் குடித்துவிட்டு வந்த என் பேச்சுக்கு அல்ல. அவன் பேச்சுக்குத்தான். "சாருக்கு வெளிய வாங்குன சரக்கு. தம்பி சொந்தமா தயாரிச்சவன்" என்கிறார் டூல் ரூம் அண்ணன். உள்நாட்டு உற்பத்திக்கு ஓசூரில் எப்போதும் தனி மரியாதை.

போன வாரம் மச்சினன் மறுபடி கூப்பிட்டான். "மாமா, மாம்பழ சீசன். மேங்கோ பீர் போட்டிருக்காங்க, வர்றீங்களா?" பேச்சு டீக்கடைக்கு எட்டியதும் கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் வந்துபோகிற ஆட்கள் எல்லாரும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். மாங்கூழ் ஃபேக்டரி ஊர்க்காரர்கள். மாம்பழம் என்றால் சும்மா இருப்பார்களா? கூழுக்குப் பெங்களூராதான் என்று ஒரு கட்சி, மணத்துக்கு அல்போன்சாதான் என்று இன்னொரு கட்சி. கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தும் வாதம் முடியவில்லை. நான் இன்னும் அந்தப் பீரைக் குடிக்கவில்லை. ஆனால் செந்தூராவைப் போட்டிருந்தால்தான் சரியாக வந்திருக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.